பணியில் அமர்த்துதலும் பணியில் நிலைக்கச் செய்தலும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 4ஐ அவர்களுக்கென ஒதுக்குகின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 3ஆக இருந்தது. ஒன்று கூடியதென்று மகிழ்வோர் மகிழட்டும். ஆனால், இந்தக் கணக்கு அமர்த்தாணை கையில் கொடுக்கப்படும் நாளோடு முடிந்துவிடுகின்றது. அமர்ந்தவர் ஐந்தாண்டு கழித்தும் அவ்விருக்கையில் இருக்கின்றாரா, இருப்பின் அவர் கைக்கு வேலை வருகின்றதா, அல்லது ஊதியத்தை மட்டும் கொடுத்து ஒரு மூலையில் அமர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றாரா என்பனவற்றுக்கு அந்த நான்கில் விடையில்லை.

கூடிய அந்த ஒன்று யாருக்கு உரியது என்பதையும் நோக்குதல் வேண்டும். அறிவுத்திறன் குறை, உளநோய், கற்றல் குறை முதலியவை உடையோர்க்கு உரியது அது. வேலையில் சேர்ந்த பின்னரே துணை மிகுதியும் தேவைப்படுவோர் அவர்கள்தாம். அத்துணையை அமைக்காமல் இடத்தை மட்டும் ஒதுக்குவது, ஏணியில்லாப் பரணில் உணவு வைத்து உண்ணச் சொல்வதாகும்.

‘ஊனமுற்றோர்’ என்னும் வழக்கை விலக்கி, ‘மாற்றுத்திறனாளி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஆட்சிச் சொல்லாக்கிற்று. சொல் நன்று. திறன் மாற்றானது என்று ஒப்புக்கொண்டபின், அத்திறன் இயங்குதற்குரிய வழியும் மாற்றாகத்தானே இருத்தல் வேண்டும்?

இவர்கள் வேலையை இழப்பதற்குத் திறனின்மையே கரணியம் என்று கருதுவது பெரும்பிழை. மேலாளர் மாறுகின்றார், செவித்திறன் இல்லாத தொழிலாளிக்கு முன்னவர் எழுதிக் காட்டியதைப் புதியவர் வாயால் சொல்லிவிட்டுப் போகின்றார். பொறி மாறுகின்றது, பழகிய கைக்குப் புதிதைக் கற்றுக்கொடுப்பார் இலர். வாயிலில் சாய்தளம் கட்டப்பட்டிருக்கும். கழிப்பறையோ மாடியில் இருக்கும். இவை ஒவ்வொன்றும் சிறு இடர். ஆனால், தீர்ப்பார் இல்லாதபோது ஓர் ஆளை வேலையினின்று வெளியேற்றுதற்கு இவையே போதும்.

இதற்கு அமெரிக்கர் கண்ட வழி அறியத்தக்கது. முதலில் பயிற்சி, பின்னரே வேலை என்றிருந்த பழைய முறையில், பலர் பயிற்சியிலேயே வாழ்நாளைக் கழித்தனர். அதைத் தலைகீழாக்கி, வேலையில் அமர்த்தி அவ்விடத்திலேயே பயிற்றும் முறைக்கு, 1986இல் அந்நாட்டு மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இடந்தந்தது. அதன் உயிர்நாடி பணித்துணைவர் என்பார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவதும், தொடக்கத்தில் உடனிருந்து பழக்குவதும், உடன் வேலை செய்வோர்க்கும் எடுத்துரைப்பதும், தொழிலாளி தேறத் தேற மெல்ல விலகுவதும் அவர் பணி. விலகினும் தொடர்பை அறுத்துக்கொள்வதில்லை. மேலாளரோ பொறியோ மாறினால் மீண்டும் வந்து நிற்பார்.

தமிழ்நாட்டில் இத்துணை தமிழிலன்றி வேறெம்மொழியில் அமைய முடியும்? பார்வையற்ற எழுத்தர் ஒருவரை எண்ணிப் பார்க்கட்டும் ஆட்சியாளர். கணினித் திரையில் உள்ளதைப் படித்தொலிக்கும் மென்பொருள் தமிழையும் படிக்கும். ஆனால், எழுத்து ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். ஒருங்குறியை ஏற்றுத் தமிழ்நாட்டரசு 2010இலேயே ஆணையிட்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அம்மென்பொருள் பொருளற்ற குறிகளாகவே ஒலிக்கும். தாளைப் படம்பிடித்து அனுப்பிய சுற்றறிக்கைக்கோ அது வாயே திறவாது. ஒழுங்காகத் தட்டச்சிட்ட ஆங்கிலக் கோப்பைத் தடையின்றிப் படிக்கும் பொறி, தமிழ்க் கோப்பின் முன் திணறுகின்றது. தமிழில் பணிசெய்ய வந்த தமிழருக்குத் தமிழ்க் கோப்பே சுவராகும் இவ்விழிவுக்குப் பொறுப்பு மொழியினதன்று; ஆணையைத் தூங்கவிட்ட அலுவலகங்களினது.

பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும், அதே ஊதியத்தில் வேறு பணி தருதல் வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், நிறங்களைப் பிரித்தறிவதில் குறையுடைய பொறியாளர் ஒருவர் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் தமக்குரிய பணியைப் பெற, 2023இல் உச்ச வழக்குமன்றத் தீர்ப்பே தேவைப்பட்டது. வழக்காட வலியற்றோர் நிலை என்ன? அப்பிரிவின் காப்பும் அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகின்றது. தனியார் ஆலையில் கையிழந்தவருக்கு அது துணைநில்லாது.

செருமனியில் 20 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனம், தனியாருடையதாயினும், நூற்றுக்கு 5 இடங்களைக் கடுங்குறையுடையோர்க்குத் தருதல் வேண்டும். தராவிடின் பணங்கட்டுதல் வேண்டும். அப்பணத்தை அவர்தம் வேலை வாழ்வுக்கான துணைகளுக்கே செலவிட முடியும். அவர்களுள் ஒருவரைப் பணிநீக்கஞ் செய்யவும் அதற்கென உள்ள அலுவலகத்தின் முன்னிசைவு தேவை. இந்தியச் சட்டமோ, தனியார் நூற்றுக்கு 5 பேரை அமர்த்தினால் ஊக்கந்தரலாம் என்றளவில் நின்றுவிடுகின்றது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலக்கம் பேர். இவர்களுக்கென ‘விழுதுகள்’ என்னும் அழகிய பெயரில் அரசு நடுவங்கள் அமைத்துள்ளது. அந்நடுவங்கள்தோறும் முழு ஊதியத்தில் பணித்துணைவர்கள் இருத்தல் வேண்டும். சைகைமொழி அறிந்தோரும் அவர்களுள் இடம்பெறுதல் வேண்டும். தனியார் ஆலைகளுக்குள்ளும் சென்று பார்க்கும் உரிமை அவர்களுக்குச் சட்டத்தால் தரப்படுதல் வேண்டும். எத்தனைபேர் அமர்த்தப்பட்டனர் என்பதோடு, முன்னர் அமர்த்தப்பட்டோருள் எத்தனைபேர் பணியில் தொடர்கின்றனர், விலகியோர் எதனால் விலகினர் என்பதையும் ஒவ்வோர் அலுவலகமும் ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு வெளியிடல் வேண்டும்.