உள்ளான் என்ற ஒரு பெயர் போதுமா?

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

பெயர் தெரியாதவன் ஊரைவிட்டுப் போனால் அவனைத் தேடுவார் இல்லை. பறவைகளுக்கும் இது பொருந்தும். கடலோரச் சேற்று நிலத்தில் இரை தேடும் சிறு பறவைகள் அனைத்தையும் ‘உள்ளான்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடும் வழக்கத்தை, விலங்கியல் பயிலும் நாமாவது கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

கோடியக்கரையை எடுத்துக்கொள்வோம். 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இடம் அது. ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழிக்க ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கு வருகின்றன. அவற்றுள் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய பனிச்சமவெளியில் பிறந்த அந்தச் சிற்றுயிர், நம் சேற்றை நம்பி இவ்வளவு தூரம் பறந்து வருகிறது!

“எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எப்படிப் பிரித்தறிவது?” என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். குளிர்காலத்தில் நிறம் நமக்கு அதிகம் உதவாது. கால், அலகு, நடை என்னும் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த கால் பவளக்காலியைக் காட்டிக்கொடுக்கும். அது பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெண்பட்டை தெரியும். பச்சைக்காலிக்குப் பெயரே அடையாளம். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும். அது கண்ணால் இரை தேடும் பறவை. உள்ளான் இனங்களோ தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். இரையை அவை பெரும்பாலும் அலகு நுனியின் உணர்ச்சியால் அறியும். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு ஆழத்துப் புழுவை எட்டும். கொசு உள்ளானின் குட்டை அலகுக்கு மேற்பரப்பே போதும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பசியாறுவது இப்படித்தான்.

இந்த முறை தமிழனுக்குப் புதிதன்று. சத்திமுத்தப் புலவர் நாரையை அதன் காலையும் அலகையும் சொல்லித்தானே அழைத்தார்?

பிரித்தறிவதால் என்ன பயன்? கணக்கெடுப்பவர் ‘உள்ளான் ஐயாயிரம்’ என்று எழுதிவிட்டால், அந்த ஐயாயிரத்துக்குள் ஓர் இனம் ஆண்டுக்காண்டு தேய்வது எவர் கண்ணுக்கும் படாது. வளைந்த அலகுடைய உள்ளான் இனம் ஒன்று கோடியக்கரைக்கும் வருகிறது. பறக்கும்போது வால் அடியில் தெரியும் வெண்மை அதன் அடையாளம். உலக அளவில் குறைந்துவரும் அந்த இனம், 2024-இல் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பிரித்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்தக் குறைவு தெரிந்தது. மேலும், சேற்று நிலத்தைப் பயனற்ற தரிசு என்று சொல்லி இறால் பண்ணைக்கோ உப்பளத்துக்கோ கேட்கும்போது, ‘இங்கே இன்னின்ன பறவை, இத்தனை’ என்ற கணக்கே அந்த நிலத்தின் சார்பில் பேசும் சாட்சி.

பறவை பார்ப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பார்கள். நான் உடன்படேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உப்புக்கொத்தி என்ற பெயரை எனக்குச் சொன்னது பாடநூல் அல்ல; உப்பளத்தில் வேலை செய்யும், பள்ளி செல்லாத என் தந்தை. எந்தப் பறவை எந்த ஓதத்தில் எங்கே ஒதுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதன் லத்தீன் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு அறிவும் ஒரே ஏட்டில் சேரவில்லை என்பதே என் குறை. பெயர் தெரிந்தவர்கள் கணக்கெடுக்க அழைக்கப்படுவதில்லை. கணக்கெடுக்க அழைக்கப்படும் நாமோ ஆய்வகத்துப் புட்டியில் உள்ள ஸ்பெசிமனைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை!

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. துறைக்கு இரண்டு பைனாகுலர் வேண்டும். ரெக்கார்டு நோட்டில் லத்தீன் பெயரோடு உள்ளூர்ப் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் மாணவர்கள் பங்கேற்க வேண்டும்; மீனவரும் உப்பளத் தொழிலாளரும் அங்கே நமக்கு ஆசிரியர்களாக வரட்டும்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெறுமுன் பத்துப் பறவைகளையாவது பெயர் சொல்லி அடையாளம் காட்டக் கற்போம். அவற்றுள் ஒன்று வராத ஆண்டில், ‘எங்கே போயிற்று?’ என்று கேட்க ஊரில் ஆள் இருக்க வேண்டும்.