ஸ்டிக்கர் அனுப்பும் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் எழுதுவது

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு சின்ன வாக்குவாதம். என் மருமகள் முறையில் ஒரு பெண், தபால் வழியில் பி.எட். சேரலாமா என்று கேட்டிருந்தாள். அதற்கு அவள் கணவர் போட்ட பதில் ஒரு ஸ்டிக்கர். நடிகர் மாரிமுத்துவின் முகம், கீழே "இந்தாம்மா ஏய்". அடுத்த ஐந்து நிமிஷத்தில் பதினாறு பேர் சிரிப்பு பொம்மை போட்டீர்கள். கேள்வி கேட்ட பெண் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த மனிதர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில் பசுமலைத்தேரி என்ற சின்ன ஊரில் 1967-ல் பிறந்தவர். இயக்குநராக வேண்டும் என்று வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, ஓட்டலில் வேலை பார்த்து வயிற்றைக் கழுவியவர். ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். பிறகு மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் வேலை செய்தார். சொந்தமாக முதல் படம் "கண்ணும் கண்ணும்" வெளிவந்தது 2008-ல். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 2014-ல் "புலிவால்". இரண்டே படம். இடையில் மிஷ்கினின் "யுத்தம் செய்" அவரை நடிகராக்கியது. 2022-ல் சன் டிவியில் "எதிர்நீச்சல்" தொடங்கியபோதுதான் ஆதி குணசேகரனாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தார். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து காலமானார். வயது 56.

"நல்ல கலைஞன், கடைசியில் சீரியலில் போய் வீணாகிவிட்டார்" என்று அப்போது சிலர் எழுதினீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய முப்பது வருஷ உழைப்பும் வந்து சேர்ந்த இடம் அந்தச் சீரியல்தான்.

"பரியேறும் பெருமாள்" பார்த்தீர்கள் அல்லவா? அதில் கதாநாயகியின் அப்பா அவர்தான். கத்த மாட்டார், அடிக்க மாட்டார். மகள் மேல் உயிரையே வைத்திருப்பார். ஆனால் சாதிக்காரன் என்ன சொல்வானோ என்று பயந்தே வாழ்வார். அதே அப்பாவுக்குப் பணமும் அதிகாரமும் குரலும் வந்தால் எப்படி இருப்பார்? குணசேகரனாக இருப்பார். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்துவார். தங்கச்சி கல்யாணத்தையும் சொத்துக் கணக்காகவே பார்ப்பார். இத்தனையும் செய்துவிட்டு "குடும்ப கௌரவம்" என்பார். இந்த இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரிந்து நடித்தவர் மாரிமுத்து. சினிமாவில் அந்த அப்பாவை இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். டிவியில் அப்படி முடியவில்லை. தினமும் ராத்திரி, நாம் சாப்பிடுகிற நேரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

நாம் என்ன செய்தோம்? அவர் வைத்த குற்றச்சாட்டைக் கீழே போட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெண்டாட்டியின் வாயை அடைக்க அதையே பயன்படுத்துகிறோம். திருடனைக் காட்டிக்கொடுக்க ஒருவர் படம் வரைந்து கொடுத்தால், திருடனே அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

"சார், அது சும்மா தமாஷ்" என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். தமாஷ் என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். அந்தப் பெண் சிரித்தாளா?

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பிக்க நினைக்கவில்லை. உங்கள் டீச்சரம்மாவுக்கு, என் மனைவிக்குத்தான், தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. வேறு ஊர். தினமும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு? வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு" என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார். சாதாரண ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார். எதிர்நீச்சல் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், "இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?" என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க சத்தம் போட மாட்டீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 58 வயது வரை பிள்ளைகளுக்குச் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு சீரியல் நடிகர்தான் என் பேப்பரைத் திருத்தி மார்க் போட்டார். ஃபெயில் மார்க்.

அதனால் மாப்பிள்ளைகளே, தம்பிகளே, அந்த ஸ்டிக்கரை அழித்துவிடுங்கள். கூடவே ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கு ராத்திரி மனைவியிடம், "எனக்காக நீ எதை விட்டுக்கொடுத்தே?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள். நான் கேட்டுவிட்டேன். பட்டியல் நீளம்.

பி.எட். கேட்ட மகளே, விண்ணப்பக் கட்டணம் நான் கட்டுகிறேன். புத்தகம் டீச்சரம்மா வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்