தொண்ணூற்று மூன்று

"அம்மா என்ன வேலை பாக்காங்க?"

கணக்கெடுக்க வந்த தம்பி என்னிடம்தான் கேட்டார். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். மடியில் முறம், முறத்தில் இலந்தைப் பழம். புழு விழுந்ததை ஒதுக்கியபடியே, நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "வேலையா? வீட்டுல சும்மாதான் இருக்கேன் தம்பி."

அந்தச் ‘சும்மா’வில் என்னென்ன இருந்தன என்று எழுதுகிறேன். விடிந்ததும், ஆடுகள் வருவதற்கு முன் ஓடைக்கரைக்குப் போய் உதிர்ந்ததைப் பொறுக்கியிருந்தாள். கொப்பை உலுக்கியபோது முள் கீறியிருந்தது. இனி அதைக் கழுவ வேண்டும். வத்தல் மிளகாய், உப்பு, பெருங்காயம், கருப்பட்டி சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். வடையாகத் தட்டி ஓலைப்பாயில் பரப்ப வேண்டும். காக்கைக்கும் எறும்புக்கும் காவல் இருந்து, நாலைந்து நாள் வெயிலில் திருப்பிப் போட வேண்டும். எந்தப் பழம் இனிப்பு, எது துவர்ப்பு, எவ்வளவு காய்ந்தால் பூசணம் பிடிக்காது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். தை, மாசியில் போட்ட வடை மாதக்கணக்கில் கெடாமல் மகள்கள் வீட்டுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும்.

தம்பி தன் கருவியில் ஒரு எண்ணைத் தட்டினார். அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளிலும், 2017 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் ஆளுக்கு ஒரு குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92. வீட்டு வேலையோடு, வீட்டுத் தேவைக்காகக் காய்கறி, கிழங்கு, விறகு, தீவனம் சேகரிப்பவருக்கும், தைப்பவருக்கும், நெய்பவருக்கும் 93. இரண்டுமே உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிற்கும் எண்கள். பெண்ணின் உழைப்பு அரசின் கண்ணில் படவில்லை என்று நாம் மேடையில் பேசுகிறோம். அது சரியில்லை. கண்ணில் நன்றாகவே பட்டிருக்கிறது. பார்த்து, தனியாக ஒரு எண் கொடுத்து, வாசலுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலக நாடுகள் பொருளாதாரத்தை அளக்கப் பயன்படுத்தும் தேசியக் கணக்கு முறையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, காட்டுப்பழம் சேகரிப்பதை உற்பத்தி என்றே சொல்கிறது. பழத்தை உலர்த்திப் பதப்படுத்துவதும் உற்பத்தி. வீட்டில் ஒயின் வடிப்பதும் உற்பத்தி. சொந்த வீட்டுக்காகச் செய்தாலும் அப்படித்தான். ஆக, வடை உற்பத்திப் பொருள். அதைத் தட்டியவள் மட்டும் உழைப்பாளி இல்லை.

எண்ணத் தெரியாத கடற்கரையா இது? பிரிட்டிஷ் காலத்தில் முத்துக்குளித்த படகு தூத்துக்குடிக் கரை சேர்ந்ததும், சிப்பிகளை மூன்று குவியலாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டது. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. தனக்கு வருமானம் வரும் இடத்தில் சிப்பியைக்கூட எண்ணத் தெரிந்த அரசுக்கு, எங்கள் அம்மாக்களின் முறம் மட்டும் தட்டுப்படவில்லை.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1968இல் வந்த ‘பணமா பாசமா’ படத்தில் இலந்தைப் பழம் விற்கும் பெண்ணுக்கு ஒரு பாட்டு உண்டு. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பாட்டு கூடையை விட்டுவிட்டுக் கூடைக்காரியையே பழமாக்கியது. படம் வந்து எத்தனையோ வருடம் கழித்து, எங்கள் பள்ளி வாசலில் இலந்தை விற்ற அக்காவைப் பார்த்து வளர்ந்த ஆண்கள் அதைப் பாடிக்கொண்டே போனார்கள். அவள் தலை நிமிராமல் சில்லறை எண்ணினாள்.

இன்றைக்கு அதே வடை நகரத்து இயற்கை அங்காடிகளில் டப்பாவில் வருகிறது. மேலே கொண்டை போட்ட ஒரு பாட்டி படம். ‘பாட்டி கைப்பக்குவம்’, ‘அன்பால் செய்தது’ என்ற வாசகங்கள். இடித்தவள் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. அன்புக்குக் கூலி கேட்பது அநாகரிகம் அல்லவா!

"முள்ளில் கைவிடுவதையா போற்றச் சொல்கிறாய்? நாம் படித்ததே இதிலிருந்து தப்பிக்கத்தானே?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் தப்பித்துவிட்டேன். என் மகளை ஓடைக்கரைக்கு அனுப்பவும் மாட்டேன். முள்ளை நான் போற்றவில்லை. கணக்கில் வராத உழைப்பு பறிபோகும்போது அந்த இழப்பும் கணக்கில் வராது என்பதைச் சொல்கிறேன்.

அம்மா பழம் பொறுக்கிய கரையில் பாதியைக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். முள்ளும் புதருமான நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் தரிசு; 2000இல் முதன்முதலாக வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம் தனி வகையாகவே இருக்கிறது. பட்டா இருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வனப்பொருள் சேகரிப்பவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கிறது. ஆனால் அதுவே அவர்களின் முதன்மை வாழ்வாதாரமாக இருந்திருக்க வேண்டும். ஓடைக்கரை வனம் இல்லை. அம்மாவோ, ஏட்டின்படி, சும்மா இருப்பவள். இப்போது இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடக்கிறாள்.

கணக்கெடுக்க வந்த தம்பிக்கு அம்மா போன வருடத்து வடை ஒன்றைக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கேம்மா, விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். விலை உண்டு என்று அவருக்குத் தெரிகிறது. அவர் கையிலிருந்த கருவிக்குத் தெரியவில்லை.

93ஐ வாசலுக்கு உள்ளே கொண்டு வாருங்கள். ஓடைக்கரைக்கு வேலி போடுமுன் அங்கே பொறுக்குகிற பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். டப்பாவில் பாட்டி படத்தை எடுத்துவிட்டு, இடித்தவளின் பெயரையும் அவளுக்குக் கொடுத்த கூலியையும் அச்சிடுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால், அம்மா "சும்மா" என்று சொல்வதற்கு முன் நான் பதில் சொல்லிவிடுவேன்.