பூசணிக்காயும் பயோடேட்டாவும்

முதலில் ஒரு பூசணிக்காய்க் கதை சொல்லிவிடுகிறேன்.

புனேயில் நாங்கள் போகும் தமிழ் சபையில் வருஷா வருஷம் நவம்பரில் அறுப்பின் பண்டிகை வைப்போம். இங்கே யாருக்கு வயல் இருக்கிறது, எதை அறுக்கிறோம் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஊரில் பழகியாயிற்று, விட முடியவில்லை. ஆளாளுக்குக் காய், பழம், கோழி, கேக் என்று கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம்.

ஏலம் விடுகிறவர் நம்ம திருநெல்வேலிக்காரர். வாய் சும்மா இருக்காது. "இன்ஜினியர் சார் ரெண்டாயிரம்! மேனேஜர் சார் என்ன, பேசாம இருக்கீங்க?" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நாற்பது ரூபாய்ப் பூசணிக்காய்க்கு எனக்கும் இன்னொரு அண்ணாச்சிக்கும் போட்டி. அவர் புதுக் கார் வாங்கியிருந்த வருஷம் அது. விடுவேனா? நாலாயிரத்து இருநூறுக்கு எடுத்தேன். கைதட்டல். மைக்கை நீட்டினார்கள். தலையைக் குனிந்து, குரலை இறக்கி, "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த அண்ணாச்சி மட்டும் அங்க இல்லைன்னா எவ்வளவுக்கு எடுத்திருப்பீங்க?"

பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் பூசணிக்காய்க் கூட்டுதான் :-)

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். சபைக்குப் பணம் வந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நான் எழுத வந்தது சிரிக்க முடியாத இன்னொரு பெருமையைப் பற்றி. அந்தக் கதையும் அதே நாளில்தான் தொடங்கியது.

ஏலம் முடிந்து அசனம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் கூடி அரிசியும் பணமும் போட்டு, அண்டா அண்டாவாகப் பொங்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சாதிக்கொரு பந்தி இருந்த நாட்டில் ஒரே பந்தி என்பது சின்ன விஷயமில்லை. நம்ம தாத்தா பாட்டிகள் காலத்தில் அதற்கே எத்தனை சண்டை நடந்திருக்கும்!

சாப்பிட்டு முடித்து, கமிட்டிக்காரர்கள் நாங்கள் கை கழுவிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். ஏதோ வேலையாகப் பின்பக்கம் போனால், ஒரு தம்பி பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருக்கிறான். சாக்கனில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். "என்ன தம்பி இது?" என்றேன். "சமையல்காரங்க பாவம் அண்ணாச்சி, காலைல நாலு மணிக்கே வந்தவங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் அவனைப் பாராட்டிப் பேசினேன். தாழ்மை என்றால் இதுதான், இளைஞர்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து எங்கள் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். அந்தத் தம்பிக்கு என் அக்கா மகளைக் கேட்கிறார்கள் என்றார். அவள் எங்கள் வீட்டில் தங்கி ஹிஞ்ஜவாடிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் சம்மதம் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பையனுடைய ஜெப வாழ்க்கையைப் பற்றியா? சம்பளத்தைப் பற்றியா? இல்லை. "அவங்களுக்கு ஊர்ல எந்தத் தெரு ஐயா?"

ஐயா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு தெருப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

ராத்திரி அக்காவுக்கு போன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊர்ல நாங்க தலைகாட்ட வேண்டாமால?" அதோடு முடிந்தது. மறுநாள் ஐயாவுக்கு போன் போட்டு, பூசணிக்காய்க்கு வைத்துக்கொண்ட அதே இறங்கின குரலில் சொன்னேன்: "ஜெபம் பண்ணிப் பார்த்தோம் ஐயா. கர்த்தருக்குச் சித்தமில்லை."

நாங்கள் ஒரு நிமிஷம்கூட ஜெபம் பண்ணவில்லை.

தம்பி மூன்று, நான்கு வாரம் வந்தான். அப்புறம் கீபோர்டு மூடியே கிடந்தது. அக்கா மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் ஹாஸ்டலுக்கு மாறிப் போய்விட்டாள்.

அண்டா தேய்த்தபோது அவன் தாழ்மையுள்ளவன், சம்பந்தம் பேச வந்தபோது தாழ்ந்தவன். இரண்டு பட்டத்தையும் கொடுத்தது ஒரே ஆள், நான்தான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நம்ம சபைகளில் தாழ்மை என்பது ஒரு குரலாகிவிட்டது. ஒரு நடையாகிவிட்டது. "ஒன்றுமில்லாத என்னை" என்று ஆரம்பிக்கும் சாட்சிகளைக் கேட்டிருப்பீர்கள். மூன்றாவது வரியில் 3 பெட்ரூம் ஃபிளாட் வரும், ஐந்தாவது வரியில் மகனுடைய அமெரிக்க விசா வரும். பெரிய வியாழனில் கால் கழுவும் ஆராதனைக்கு வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவின காலோடு வருகிறோம். இயேசு கழுவியது புழுதிக் கால். அது வீட்டு வேலைக்காரனின் வேலை என்பதால்தான் பேதுரு பதறிப்போய்த் தடுத்தான். நாம் கழுவுவதைப் பார்த்து யாராவது பதறியிருக்கிறார்களா? பதற அதில் என்ன இருக்கிறது? நமக்கு ஒரு இடமும் போகவில்லையே!

தாழ்மை என்றால் உண்மையில் கையில் இருக்கும் ஒரு இடத்தை விட்டு இறங்குவது. இறங்கினால் ஏதாவது நஷ்டம் வந்தாக வேண்டும். நஷ்டமே இல்லாத தாழ்மை வெறும் மரியாதைப் பேச்சு.

பிலிப்பியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்ற பகுதி. மூன்றாம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். பவுல் அங்கே தன் பயோடேட்டாவைக் கொடுக்கிறார். எட்டாம் நாள் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயருக்குப் பிறந்த எபிரெயன், பரிசேயன். அதாவது குலம், கோத்திரம், பாரம்பரியம், எல்லாம் உயர்ந்த ரகம். எழுதிவிட்டு, கிறிஸ்துவுக்காக இதெல்லாம் எனக்குக் குப்பை என்கிறார். இதை யாருக்கு எழுதுகிறார்? பிலிப்பி ரோமர்களின் குடியேற்ற நகரம். ரோமக் குடியுரிமையும் பதவியும் பெரிதாக மதிக்கப்பட்ட ஊர். அந்த ஊர்ச் சபைக்கு எழுதுகிறார்!

நாம் என்ன செய்கிறோம்? பவுல் குப்பையில் போட்டதைப் பொறுக்கியெடுத்து, துடைத்து, கல்யாண பயோடேட்டாவில் முதல் பக்கத்தில் எழுதுகிறோம். 'மறுபடியும் பிறந்த, ஞானஸ்நானம் பெற்ற, அபிஷேகம் பெற்ற' என்று மூன்று தகுதி போட்டுவிட்டு, நாலாவதாகச் சாதி. மறுபடியும் பிறந்தும் அதே சாதியிலேயே பிறக்கிற அதிசயம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது.

"அதெல்லாம் ஊரில்தான் பிரதர், இங்கே யார் பார்க்கிறார்கள்?" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, ஊரைப் பார்ப்போம். வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, ஜனங்கள் உட்கார இரண்டு தனிப் பகுதிகள். சாதி பார்த்துத்தான். நடுச்சுவரை அடுத்த நூற்றாண்டில்தான் எடுக்க முடிந்தது. சீர்திருத்த சபைக்காரர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். பழைய கதை என்பீர்களா? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் கிறிஸ்தவர்கள்.

இங்கே புனேயில் சுவர் இல்லைதான். எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். சுவரைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் பெட்டியில் போட்டு, ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டோம். பெண் கேட்டு யாராவது வரும்போது மட்டும் எடுத்துக் கட்டுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. அநியாயம் என்று ஊர்வலம் போகிறோம். அநியாயம்தான், நானும் போயிருக்கிறேன். ஆனால் ஊர்வலத்தில் "சபைக்குள்ளும் சாதி இருக்கிறது" என்று கோஷம் போடும் நாம்தான், வீட்டுக்கு வந்ததும் "எங்களுக்குள் அதெல்லாம் கிடையாது" என்கிறோம். எது பொய்?

பதிலுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். "சாதி இல்லை பிரதர், பழக்கவழக்கம் ஒத்துப்போகணும் இல்லையா?" ஐயா, என் அக்கா மகளும் அந்தத் தம்பியும் ஒரே பாட்டுப் புத்தகத்தில் பாடினவர்கள், ஒரே மாதிரி வேலை பார்த்தவர்கள், ஒரே அசனத்தில் சாப்பிட்டவர்கள். இதற்கு மேல் எந்தப் பழக்கம் ஒத்துப்போக வேண்டும்? வேறு சாதியில் சம்பந்தம் செய்தவர்கள் நம்ம சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாம்பார் கெட்டுப்போகவில்லை.

"தாழ்மையாக இருந்தால் ஆபீஸில் மேலே வர முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். நான் சொல்வது அப்ரைசலில் வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. செய்த வேலையைச் செய்தேன் என்று சொல்வது பெருமை ஆகாது. அடுத்தவன் கீழே இருந்தால்தான் நான் மேலே என்று நினைப்பதுதான் பெருமை.

பிரசங்கிமாருக்கும் ஒரு வார்த்தை. தாழ்மையாயிருங்கள் என்பதை எப்போதும் கீழே இருப்பவர்களுக்கே சொல்கிறீர்கள். மருமகளுக்கு, கோயில் பெருக்குகிறவருக்கு, கமிட்டியில் இடம் கேட்கிற சின்னத் தெருக்காரனுக்கு. வேதத்தில் அப்படி இல்லை. வலது பக்கமும் இடது பக்கமும் நாற்காலி கேட்ட யாக்கோபுக்கும் யோவானுக்கும்தான் இயேசு அதைச் சொன்னார். விருந்தில் முதல் இடம் தேடி உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னார். ஏற்கெனவே கடைசி இடத்தில் இருப்பவனைப் பார்த்து இன்னும் இறங்கு என்று அவர் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். இப்போது ஒரு இங்கிலீஷ் சபைக்குப் போகிறான். ஆராதனை முடிந்து வரும்வரை வாசலில் நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன், தெருவைக் கேட்டது உட்பட. அழுது கட்டிப்பிடித்தான் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லியிருந்தா கோபப்பட்டுட்டுப் போயிருப்பேன். கர்த்தர் வேண்டாம்னு சொன்னதா சொன்னீங்க பாருங்க, ரெண்டு வருஷம் ஜெபம் பண்ண முடியல."

டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை.

தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

திரும்பவும் நவம்பர் வருகிறது. அண்டா தேய்க்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். அது பரிகாரம் ஆகாது என்று தெரியும், ஒரு மணி நேர வேலை, போட்டோ கூட எடுப்பார்கள். பரீட்சை வேறு இடத்தில் இருக்கிறது. என் மகளுக்கு இருபத்துநாலு வயது. போன மாதம் ஊரிலிருந்து அவள் பயோடேட்டாவைக் கேட்டார்கள். சாதி என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். அன்று மாலையே அக்கா போன் செய்தாள்: "அந்த வரிய விட்டுட்டியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் அக்கா பேசவில்லை.

உங்கள் வீட்டு பயோடேட்டாவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.