இரும்பும் குரலும்

1984 ஜூன் 18-ஆம் தேதி, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஓர்கிரீவ் என்ற ஊரின் கோக் கரி ஆலை முன்பு மறியல் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீஸ் ஏவப்பட்டது. தடியடியில் மண்டைகள் உடைந்தன. அடிபட்டவர்கள் மீதே வழக்கும் போட்டார்கள். 95 பேர் மீது கலகம் முதலிய குற்றச்சாட்டுகள்! மறு ஆண்டு கோர்ட்டில் போலீஸ் சாட்சியங்கள் பொய்யென்று அம்பலமாகி வழக்கு விழுந்தது. 1991-ல் 39 தொழிலாளர்களுக்கு 4,25,000 பவுன் நஷ்டஈடு கொடுத்துப் போலீஸ் தரப்பு கைகழுவிக்கொண்டது. ஒரு போலீஸ்காரர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் கழிந்த பிறகு, 2025 ஜூலையில்தான் பிரிட்டிஷ் சர்க்கார் இது குறித்துச் சட்டபூர்வமான விசாரணை நடத்துவதாக அறிவித்தது.

அந்த அறிவிப்பைப் படித்தபோது நமக்கு ஓர் இசைக்குழுவின் நினைவு வந்தது. போராட்டத்துக்கும் இசைக்குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லவே இத்தலையங்கம்.

1981-ல் லண்டன் மாநகரின் தென்கிழக்கே நியூ கிராஸ் என்ற வட்டாரத்தில் வேலையில்லாத வாலிபர்கள் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். கிரஹாம் கன்னிங்டன், பால் ஜாம்ரோஸி, ஆங்கஸ் ஃபார்குஹார் முதலியோர் அதில் இருந்தார்கள். குழுவின் பெயர் டெஸ்ட் டிபார்ட்மெண்ட். ஏதோ சர்க்கார் இலாகாவின் பெயர்ப்பலகை போல இருக்கிறதல்லவா? அதுதான் அவர்களுடைய உத்தேசம். பக்கத்திலேயே தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் துறைகளும் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் பாழாய்க் கிடந்தன. வாத்தியம் வாங்க வாலிபர்களிடம் காசு இல்லை. அந்தப் பாழிடங்களில் கிடந்த எண்ணெய்ப் பீப்பாய்களையும் எஃகுத் தகடுகளையும் பெரிய சுருள் வில்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பொறுக்கி வந்தார்கள். சுத்தியலும் இரும்புத் தடியும் கொண்டு அவற்றை அடித்தார்கள். அடித்த ஒலிக்கு மேலே, நாடாவில் வெட்டி ஒட்டிய குரல்களையும் மின்னணுக் கருவிகள் எழுப்பும் ஓசைகளையும் சேர்த்தார்கள். மேடைக்குப் பின்னால் திரையில் சினிமாப் படம் ஓடும். அப்போது பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. வேலை பறிபோன தொழிற்சாலையின் இரும்பையே வேலை கிடைக்காத வாலிபன் அடித்துப் பேசவைத்தான்.

இந்த வகைச் சங்கீதத்துக்கு அங்கே தொழிற்கூட இசை என்று பெயர். 1976-ல் லண்டனில் த்ராபிங் கிரிஸில் என்ற குழு தொடங்கி வைத்தது. ஆனால் பெயரில் தொழிற்கூடம் இருந்ததே தவிர, அந்த முதல் கூட்டத்தாரின் கச்சேரிகளில் தொழிலாளி இருக்கவில்லை. சித்திரவதை முகாம்களையும் கொலைகாரர்களையும் காட்டி நடுத்தர வர்க்கத்தை மிரட்டுவதே பெரிய கலகம் என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். அதிர்ச்சி கொடுப்பதைப் புரட்சி என்று எண்ணிக்கொள்வது அங்கே மட்டும் உள்ள வியாதியல்ல. டெஸ்ட் டிபார்ட்மெண்டும் தலையை மழித்துக்கொண்டு, ஒரே மாதிரி உடை உடுத்தி, சோவியத் சுவரொட்டிகளின் பாணியை எடுத்துக்கொண்டு இதே வழியில்தான் கிளம்பியது. சின்னங்களை அள்ளி மேடையில் குவிப்பதில் அவர்களுக்கு அளவு தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். 1984-ல் முதல் பெரிய இசைத்தட்டு வந்தது. பத்திரிகைக்காரர்கள் வியந்தார்கள். அத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் அவர்களைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அந்த ஆண்டு மார்ச் மாதம் சுரங்கங்களில் ஸ்டிரைக் வெடித்தது.

விவரத்தை நினைவுபடுத்துவோம். நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடுவதாகவும் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் சொன்னது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், உண்மையான திட்டம் எழுபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களை மூடுவதுதான் என்று சொன்னார். சர்க்காரும் வாரியமும் மறுத்தன. பத்திரிகைகள் அவரைப் பொய்யர் என்றன. முப்பது ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த மந்திரிசபைக் காகிதங்கள் 2014-ல் வெளிவந்தபோது, மூன்று ஆண்டுகளில் 75 சுரங்கங்களை மூட வாரியத் தலைவர் மக்ரெகர் திட்டம் வைத்திருந்தது எழுத்தில் இருந்தது. பொய்யர் யார் என்பது தெரிந்தது. ஆனால் அதற்குள் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன.

பிரதமர் தாட்சர் தன் நாட்டுத் தொழிலாளிகளையே உள்நாட்டு எதிரிகள் என்றார். சங்கத்தின் நிதியைக் கோர்ட்டுகள் முடக்கின. பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள். இவற்றையெல்லாம்விடக் கொடுமை ஒன்று உண்டு. ஸ்டிரைக் செய்பவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவித் தொகையிலிருந்து வாரம் 15 பவுனைச் சர்க்கார் பிடித்துக்கொண்டது. என்ன காரணம்? சங்கம் ஸ்டிரைக் படி கொடுக்கிறதாம்! சங்கம் ஒரு பவுன்கூடக் கொடுக்கவில்லை; கொடுக்க நிதியும் இல்லை. கொடுக்காத படியைக் கொடுத்ததாகக் கணக்கெழுதி, குழந்தைகளின் ரொட்டியில் கை வைத்தார்கள். பட்டினி போட்டுப் பணியவைக்கலாம் என்பது கணக்கு. ஊர் ஊராகப் பெண்கள் பொதுச் சமையற்கூடங்கள் திறந்து அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்கள். அடுப்பு எரிய வேண்டுமானால் பணம் வேண்டும். நிதி திரட்டுவதே அன்றாடப் போராட்டமாயிற்று.

அப்போதுதான் அந்த இரும்படிக்கும் வாலிபர்கள் முன்வந்தார்கள். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் ஸ்டிரைக்கில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் நிதிக்காக ஒரு பாடகர் குழு அமைத்திருந்தார்கள். வேல்ஸில் ஆண்கள் கூடிப் பாடும் மரபு மிகப் பழையது. தேவாலயமும் சுரங்கமும் சேர்ந்து வளர்த்த மரபு. ஒரு பக்கம், பாட்டனார் காலத்துப் பாட்டுகளை நாலு குரலில் பாடும் நடுவயதுத் தொழிலாளர்கள். இன்னொரு பக்கம், மொட்டைத் தலையோடு பீப்பாயை அடிக்கும் லண்டன் வாலிபர்கள். இரு தரப்பும் சேர்ந்து பல ஊர்களில் நிகழ்ச்சிகள் நடத்தின. 1985-ல் இருவரும் சேர்ந்த இசைத்தட்டும் வெளிவந்தது. தோளோடு தோள் என்பது அதன் பெயர். சில பாட்டுகள் தொழிலாளிகளுடையவை, சில இரும்பினுடையவை. ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். புதுமாதிரிக் கலையென்றால் அது உழைப்பாளிக்குப் புரியாது, அவனுக்குத் தேவையில்லை என்று நம்மிடையேகூடச் சிலர் சொல்கிறார்கள். கூச்சலுக்கு எதற்குத் தலையங்கம் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நாம் சங்கீத வித்வான்கள் அல்ல. பத்தாவது வரை படித்துவிட்டுச் சங்க வேலைக்கு வந்தவர்கள். அந்த இசைத்தட்டை முதல் தடவை கேட்டபோது நமக்கும் காது வலித்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நாள் முழுதும் பாறையைத் துளைக்கும் எந்திரத்தின் இரைச்சலில் வேலை செய்பவனுக்கு அந்த ஓசை புதிதல்ல. அவன் காது அதைத் தினமும் கேட்கிறது. சபாக்களில்தான் அது கேட்பதில்லை. அந்த ஓசையை மேடையேற்றியது தவறென்று சொல்ல நம்மால் முடியாது. அதே சமயம், இரும்பை அடித்துவிட்டதாலேயே ஒருவன் தொழிலாளி வர்க்கக் கலைஞனாகிவிட மாட்டான். 1984-க்கு முன்பும் அவர்கள் இதே இரும்பைத்தான் அடித்தார்கள். பாடகர் குழு பக்கத்தில் வந்து நின்ற பிறகே அந்த அடிக்கு அர்த்தம் உண்டாயிற்று.

1985 மார்ச் 3-ஆம் தேதி ஸ்டிரைக் வாபஸ் ஆயிற்று. தெற்கு வேல்ஸில் கடைசி வரை நூற்றுக்கு 93 பேர் உறுதியாக நின்றார்கள். மார்டி சுரங்கத்தில் ஒரு கருங்காலிகூட இல்லை. பாண்டு வாத்தியம் முழங்க, கொடி பிடித்து, ஊரே ஊர்வலமாய்ச் சென்று தொழிலாளர்களைச் சுரங்க வாசலில் விட்டது. 1990-ல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது.

தோல்விக்குப் பிறகு ஒதுங்கிக்கொள்ளும் கலைஞர்கள் அதிகம். இவர்கள் ஒதுங்கவில்லை. 1986-ல் வெளியிட்ட இசைத்தட்டில், கெண்ட் வட்டாரச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் மறியலில் போலீஸ் நடந்துகொண்ட விதத்தைத் தம் சொந்தக் குரலிலேயே சொல்கிறார். பின்னால் இரும்பு அடிபடுகிறது. அவர் பாடவில்லை, நடிக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறார். ஓர்கிரீவ் காட்சிகளின் வரிசையைப் பி.பி.சி. தன் செய்தியில் மாற்றிக் காட்டி, தொழிலாளர்கள் கல்லெறிந்த பிறகே குதிரைப் போலீஸ் பாய்ந்தது போன்ற எண்ணத்தை உண்டாக்கியதையும், வரிசை மாறியது தவறுதான் என்று பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டதையும் நினைத்துப் பாருங்கள். நாட்டின் பெரிய வானொலி நிலையத்திடம் இல்லாத சாட்சியம், ஒரு சிறு இசைக்குழுவின் தட்டில் பத்திரமாக இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1988-ல் பிரித் கோஃப் என்ற வேல்ஸ் நாடகக் குழுவோடு சேர்ந்து, கார்டிஃப் நகரில் மூடிக்கிடந்த ரோவர் கார் தொழிற்சாலைக்குள் ஒரு பெரிய நாடகம் நடத்தினார்கள். போருக்குச் சென்று மடிந்த வீரர்களைப் பற்றிய பழைய வேல்ஸ் காவியம் அதன் கதை. தோற்ற ஸ்டிரைக்கின் நினைவு ஆறாத ஊரில் அது யாரைப் பற்றியது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. 1990-ல் கிளாஸ்கோ நகரம் ஐரோப்பாவின் கலாசார நகரம் என்று பட்டம் சூட்டிக்கொண்டபோது, அங்கே செயின்ட் ராலக்ஸ் ரயில்வே தொழிற்சாலையில் ஒரு நிகழ்ச்சி. இதில்தான் நமக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சின் செய்த கூடத்தில் ஆட்களை வெளியேற்றிவிட்டு டிக்கெட் விற்று நாடகம் காட்டுவதை ஆள்வோர் கலாசார வளர்ச்சி என்றார்கள். குழுவினருக்கு இந்த முரண்பாடு தெரியாமலில்லை. ஆனாலும் கொட்டகை கிடைத்தது, போனார்கள். பின்னர் மின்னணு நடன இசையின் பக்கம் திரும்பி, 1997-ல் கலைந்தார்கள்.

மறுபடியும் கூடியது 2014-ல், ஸ்டிரைக்கின் முப்பதாம் ஆண்டு நினைவுக்காக. டைன் நதிக்கரையில் டன்ஸ்டன் என்ற இடத்தில், ஒரு காலத்தில் கரியைக் கப்பலில் ஏற்றிய பிரம்மாண்டமான மரத்துறை இருக்கிறது. அங்கே பழைய படச்சுருள்களையும் புதிய ஓசையையும் கொண்டு நிகழ்ச்சி நடத்தினார்கள். 2019-ல் புதிய இசைத்தட்டும் வந்தது. இதற்கிடையே 2015 டிசம்பர் 18-ல் கெல்லிங்லி சுரங்கம் மூடப்பட்டு, பிரிட்டனில் ஆழ்சுரங்கக் கரி வெட்டுவதே முடிந்து போயிருந்தது.

இனி விசாரணைக்கு வருவோம். 1984-ல் இருபது வயதில் அடி வாங்கியவருக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகிறது. நாற்பது வயதில் வாங்கியவர்கள் பலர் நியாயம் காணாமலே இறந்துவிட்டார்கள். அறிவித்த விசாரணையோ ஓர்கிரீவில் நடந்த சம்பவங்களை மட்டுமே குறித்தது. கெண்ட் தொழிலாளியும் வேல்ஸ் தொழிலாளியும் மறியல் நடந்த மற்ற இடங்களில் பட்டது யாருடைய கணக்கில் சேரும்? ஸ்டிரைக் நடந்த ஓராண்டு முழுவதற்கும் விசாரணையை விரிவாக்க வேண்டும். மூடி வைத்திருக்கும் போலீஸ் காகிதங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும். உயிரோடிருக்கும் தொழிலாளர்களின் வாக்குமூலத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும். 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டையும் சாட்சிப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கட்டும்.