கள்ளக்கடல்: கணக்கு சரி, டெலிவரி?

வானம் பளிச்சென்று இருக்கிறது. புயலும் இல்லை, மழையும் இல்லை. அப்படி ஒரு நாளில் கடல் எழும்பி ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்தால்? கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால். 2012ல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இது சொல்லிக்கொண்டுதான் வருகிறது. நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பலத்த காற்று நீண்ட நேரம் வீசினால், ஸ்வெல் எனப்படும் நீள அலைகள் கிளம்பும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 18 வினாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. ஓடும். ஒரு நாளைக்கு 1200 கி.மீ. குமரிக்கு வந்து சேர நாலு நாளாவது ஆகும். கூட்ஸ் வண்டி மாதிரிதான். கிளம்பிய நேரம் தெரிந்தால் வரும் நேரத்தைப் போட்டுவிடலாம்.

அதைப் போடுவது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம். கணினி ஒவ்வொரு அலையையும் துரத்திக்கொண்டு போவதில்லை. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திசையில் எந்த வகை அலைக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பேரேடு எழுதுகிறது. காற்று தருவது வரவு. நுரைத்து உடைவது செலவு. மிச்சம் பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறது. (நம்ம லெட்ஜர்தாங்க! அதனால்தான் பி.காம். மூளைக்கும் ஏறியது.) சிக்கல் கரைப்பக்கம்தான். ஆழம் குறையக் குறைய அலை தரையை உணர்ந்து வேகம் குறைகிறது, வளைகிறது, உயர்கிறது. கடலடியில் எங்கே மேடு, புதிதாக எங்கே தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் கட்டத்துக்குள் இல்லாவிட்டால், அடுத்தடுத்த இரண்டு ஊருக்கும் ஒரே விடைதான் வரும்.

2020ல் கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு தொடங்கினார்கள். பிறகு 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். நம்ம வயசுக்காரர்கள். எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

என் கட்சி இதுதான்: நல்ல சரக்கைத் தயாரித்துவிட்டு குடோனிலேயே வைத்திருக்கிறோம். எச்சரிக்கையில் "அலை உயரம் இத்தனை மீட்டர்" என்று இருக்கும். ஒன்றரை மீட்டர் என்றால் ஆள் உயரம்கூட இல்லை, அவ்வளவுதானே என்று நானும் நினைப்பேன், நீங்களும் நினைப்பீர்கள். அதே உயரம்தான், ஆனால் 18 வினாடி அலை சாதாரண அலையைவிட வெகுதூரம் கரையேறும். அந்த வினாடிக் கணக்கு சுற்றுலா போகிறவனுக்கு என்ன புரியும்? "கள்ளக்கடல், தண்ணிப் பக்கம் போகாதே" என்றால் புரியும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 1990களின் கடைசியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று செய்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எங்கேயோ ஓடிய மாடல், இங்கே நம்ம ஊர் ஸ்பீக்கர்! அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்தில், 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்ததும் அந்த ஒலிபெருக்கியில்தான் ஊரைக் கிளப்பினார்கள். சுனாமிக்காக வாங்கிய ஸ்பீக்கர் இல்லை அது. தினசரி அலைச் செய்திக்காக வைத்தது. தினமும் ஓடியதால் அன்றைக்கும் ஓடியது.

"அடிக்கடி எச்சரித்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்" என்பீர்கள். நியாயம்தான். கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு படகுக்கு நஷ்டம். முழு மாவட்டத்துக்கும் ஒரே எச்சரிக்கை விட்டு, பாதி ஊரில் ஒன்றும் நடக்காவிட்டால், அடுத்த முறை யார் கேட்பார்கள்? ஆகவே கரையோரக் கட்டங்கள் சின்னதாக வேண்டும், ஆழ அளவு புதிதாக வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சரியாகிறதா என்று பார்க்கவும் ஊர்தான் வேண்டும். பேங்க் ரீகன்சிலியேஷன் போடுகிறோமே, அது மாதிரி. லெட்ஜர் கணினியிடம் இருக்கிறது, பாஸ்புக் கரையில் இருக்கிறது. இரண்டையும் யாராவது டிக் அடித்துப் பார்க்க வேண்டாமா?

ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு கரும்பலகை போதும். ஒரு பக்கம் "நேற்று சொன்னது", மறுபக்கம் "இன்று வந்தது". மாலையில் ஒரு போட்டோ எடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்ப ஆகிற செலவு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.