நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத லண்டன் கீரன்!

புதுப் பாட்டு என்றாலே நமக்குப் படப் பாட்டுதான். ஹீரோ யார், மியூசிக் யார் என்று கேட்ட பிறகுதான் காதைக் கொடுப்போம். ஆனால் படமும் இல்லாமல், பெரிய கம்பெனியின் தயவும் இல்லாமல், தாங்களே பாட்டுப் போட்டுத் தாங்களே வெளியிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 'இண்டிபெண்டன்ட்' என்பதைச் சுருக்கி 'இண்டி' என்று இவர்களைச் சொல்வார்கள். அப்படி இரண்டு பேரின் ஆல்பங்கள் இந்த வாரம் உங்கள் போனுக்கு.

லதாவின் குரல், லண்டன் இசை

முதலாமவர் கீரன் ஹெப்டன். பெயரைக் கேட்டதும் நக்கீரன் ஞாபகம் வருகிறதா? வரட்டும், காரணம் இருக்கிறது. லண்டன்காரரான இவருடைய அம்மா, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 'ஃபோர் டெட்' என்ற பெயரில் எலெக்ட்ரானிக் இசை அமைக்கிறார் கீரன்.

எலெக்ட்ரானிக் என்றதும் 'டம் டம்' என்று நெஞ்சு அதிரும் கல்யாண டிஜே-வை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2015-ல் வந்த இவருடைய 'மார்னிங்/ஈவினிங்' ஆல்பத்தைக் கேளுங்கள். மொத்தமே இரண்டு பாட்டு. ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். காலைப் பகுதியில் மெல்லிய தாளத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் மிதந்து வரும். யார் என்று பார்த்தால், நம் லதா மங்கேஷ்கர்! ஒரு பழைய இந்திப் படப் பாட்டிலிருந்து எடுத்த குரல் அது. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கூட உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

2024 மார்ச்சில் வந்த இவருடைய 'த்ரீ' ஆல்பத்தில் 8 பாட்டுகள். இதை வெளியிட்டது 'டெக்ஸ்ட்' என்ற அவருடைய சொந்த கம்பெனி. சொந்தமாக வெளியிடுவதன் அருமை அவருக்கு நன்றாகவே தெரியும்.

18-ஆ, 50-ஆ?

2001-ல் 'டாமினோ' என்ற இசை கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர் கீரன். அப்போது சிடி காலம். போனில் பாட்டு கேட்கும் ஸ்ட்ரீமிங் என்ற சங்கதியே கிடையாது. பிற்பாடு அது வந்தபோது, 'ஒரு பாட்டு ஸ்ட்ரீம் ஆவது விற்பனையா, உரிமம் கொடுப்பதா?' என்ற கேள்வி எழுந்தது. விற்பனை என்றால், வரும் 100 ரூபாயில் கலைஞருக்கு 18 ரூபாய். உரிமம் என்றால் 50 ரூபாய். கம்பெனி 18 என்றது. கீரன் 50 என்று வழக்குப் போட்டார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2021 நவம்பரில் அவருடைய மூன்று பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து கம்பெனி எடுத்துவிட்டது. உருவாக்கியவர் அவர், ஆனாலும் கேட்க வழியில்லை. அவர் பின்வாங்கவில்லை. 2022 ஜூனில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 50 சதவிகிதக் கணக்கு அவருக்குக் கிடைத்தது. பழைய பாக்கியாக 56,921 பவுண்டும் கிடைத்தது. ஆல்பங்களும் திரும்பி வந்தன.

தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிந்ததால், மற்ற கலைஞர்களுக்கு இது தானாகவே சட்டமாகிவிடாது. ஆனால் பழைய ஒப்பந்தத்தை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்க்கும் தைரியத்தை எத்தனையோ பேருக்கு இந்த வழக்கு கொடுத்திருக்கும்.

வலையில் சிக்காத ஆல்பம்

இரண்டாமவர் கனடாவின் பேட்ரிக் ஃப்ளெகல். மேடைப் பெயர் சிண்டி லீ. 2024 மார்ச்சில் வந்த 'டயமண்ட் ஜூபிலி' ஆல்பத்தில் 32 பாட்டுகள், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வெளியானபோது இது ஸ்பாட்டிஃபையில் இல்லை. யூடியூபில் ஒரே நீள வீடியோவாகவும், இணையத்தின் ஆரம்ப காலத்தை ஞாபகப்படுத்தும் ஒரு எளிய பக்கத்திலும் மட்டும் இருந்தது. 'முடிந்தால் 30 கனடா டாலர் கொடுங்கள்' என்ற குறிப்போடு சரி. விளம்பரமே இல்லாமல், கேட்டவர் சொல்லச் சொல்லப் பரவியது.

1960-களின் பாப் பாட்டு, நள்ளிரவில் பக்கத்துத் தெரு ரேடியோவிலிருந்து காற்றில் விட்டு விட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். கிதார் ஒரு நேரம் கொஞ்சும், ஒரு நேரம் கிறீச்சிடும். ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை. சமைக்கும்போது அரை மணி, துணி மடிக்கும்போது அரை மணி என்று கேட்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி இருக்கிறது. 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் கிடையாது. சின்னக் கலைஞர்களை இது நேராகப் பாதிக்கும். 'பேண்ட்கேம்ப்' போன்ற தளத்தில் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கினால், தளம் சுமார் 15 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். கட்டணச் செலவு போக மீதி கலைஞருக்கு அல்லது அவருடைய கம்பெனிக்குப் போய்ச் சேரும். மாதம் ஒரு ஆல்பம் வாங்கினாலே, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவருக்கு அது பெரிய தெம்பு.

இன்னொன்று. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் போனிலேயே பாட்டுப் போடுகிறார்கள். நாளைக்கு யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், பெற்றோர் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். பாட்டின் உரிமை யாரிடம்? எத்தனை வருஷத்துக்கு? இனிமேல் வரப்போகும் புதுத் தொழில்நுட்பத்தில் கிடைக்கும் பணத்தில் யாருக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு 2001-லேயே தெளிவான பதில் எழுதப்பட்டிருந்தால், லண்டன் கீரன் கோர்ட் படி ஏறியிருக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு 'மார்னிங்/ஈவினிங்'கில் ஆரம்பியுங்கள். லதாவை உங்கள் வீட்டில் யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்!